ஸ்னிஃபிங் என்றால் என்ன? வீட்டு ரவுட்டரிலிருந்து பே து ஜாக்கொதே வரை

2022 ஜூலையில் மொரிஷியஸ் வானொலியிலும் செய்தித்தாள்களிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: ஸ்னிஃபிங், அதாவது வலையமைப்பில் போகும் தகவலை வழியிலேயே நகலெடுத்துப் பார்ப்பது. மொரிஷியஸ் டெலிகாமின் தலைமைப் பொறுப்பிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த ஷெரி சிங் ஒரு குற்றச்சாட்டை வைத்தார். தீவின் தெற்கே பே து ஜாக்கொதேயில் உள்ள கடலடிக் கேபிள் நிலையத்துக்குள் மூன்றாம் தரப்பு ஒன்றை அனுமதித்து, இணையப் போக்குவரத்தை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்றைப் பொருத்த வழிவிடும்படி பிரதமர் தன்னைக் கேட்டார் என்பது அது. அன்றைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் இதை மறுத்தார். இந்தியாவிலிருந்து ஒரு தொழில்நுட்பக் குழு வந்து பாதுகாப்பு ஆய்வு செய்தது, ஸ்னிஃபிங் எதுவும் இல்லை என்றார்.

அரசியலில் யார் சொன்னது சரி என்பதற்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. ஆனால் அந்தச் சொல் இன்றும் குழப்பத்தோடுதான் புழங்குகிறது. "நம் வாட்ஸ்அப் செய்தியை எல்லாம் படித்துவிட்டார்களா?" என்று ஒருவர் கேட்கிறார். "அத்தனை தகவலையும் யாரால் படிக்க முடியும், சும்மா பயமுறுத்துகிறார்கள்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தகவலை எந்த இடத்தில் நகல் எடுக்க முடியும் என்பது ஒன்று. எடுத்த நகலிலிருந்து எதைப் படிக்க முடியும் என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், நம் வீட்டு மேசையில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். கடலடிக் கேபிள் நிலையத்தில் நடப்பதற்கும் அந்தப் பெட்டியில் நடப்பதற்கும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

முதலில் மூன்று சொற்கள்

1. பாக்கெட். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து மதுரைக்கு ஒரு படம் அனுப்பினால் அது முழுப் படமாகப் போவதில்லை. சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டின் அளவு பொதுவாக அதிகபட்சம் 1500 பைட். 8 மெகாபைட் படம் என்றால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எழுதப்பட்டிருக்கும். அந்தத் துண்டுதான் பாக்கெட்.

2. ஐபி முகவரி. பாக்கெட் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம். வழி முழுக்க இது பெரும்பாலும் மாறாது. விதிவிலக்கு ஒன்று உண்டு, ரவுட்டர் பகுதியில் வரும்.

3. மேக் முகவரி. கணினி, போன், பிரின்டர் என ஒவ்வொரு கருவியின் வலையமைப்புப் பகுதிக்கும் உள்ள 48 பிட் அடையாள எண். பாக்கெட் அடுத்து எந்தக் கருவியின் கைக்குப் போக வேண்டும் என்பதை இது சொல்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் இது புதிதாக எழுதப்படும்.

கடிதத்தின் மேல் "மதுரை" என்று எழுதியிருப்பது ஐபி முகவரி என்றால், "இப்போது இதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் ரோஸ் ஹில் தபால்காரர்" என்பது மேக் முகவரி. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஹப், ஸ்விட்ச், ரவுட்டர் என்ற மூன்று கருவிகளுக்கும் உள்ள வேறுபாடு, இந்த முகவரிகளில் எதை அவை பார்க்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

ஹப்: எதையும் பார்ப்பதில்லை

ஹப் எந்த முகவரியையும் பார்க்காது. ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) மின்துடிப்பு வந்தால் அதைப் பலப்படுத்தி மற்ற எல்லாப் போர்ட்டிலும் வெளியே விடும், அவ்வளவுதான். எட்டுக் கணினிகள் இணைந்திருந்தால் ஒருவர் அனுப்புவது ஏழு பேருக்கும் போகும். தன் மேக் முகவரி இல்லாததை ஒவ்வொரு கணினியும் தானாகவே தள்ளிவிட வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது நெரிசல். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் துடிப்புகள் மோதிக் கெட்டுப்போகும். இருவரும் சற்று நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். 10 மெகாபிட் ஹப் என்றால் அந்த 10 மெகாபிட்டை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டாவது, நம் தலைப்புக்கு வருவது: தனக்கு வராததைத் தள்ளிவிட வேண்டும் என்பது வெறும் ஒழுங்கு விதி. ஒரு கணினியில் அந்த விதியை நிறுத்திவைத்தால், அந்த ஹப்பில் போகும் அனைத்தையும் அது பதிவு செய்துகொள்ளும். ஸ்னிஃபிங் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது இப்படிப்பட்ட வலையமைப்புகளின் காலத்தில்தான். எந்தக் கம்பியையும் வெட்டத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

இன்று கடைகளில் ஹப் கிடைப்பது அரிது. ஆனால் ஹப்பின் நடத்தை ஒழிந்துவிடவில்லை; அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பின்னால் வரும்.

ஸ்விட்ச்: யார் எந்த வாசலில் என்று நினைவில் வைத்திருப்பது

1990-ல் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய நிறுவனம் பல போர்ட்டுகள் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. இன்று உலகத்தின் அலுவலகங்களில் எல்லாம் இருக்கும் ஒரு கருவியின் தொடக்கத்தில் இப்படி நமக்குப் பழகிய ஒரு பெயர் இருப்பதை நம்மில் பலர் அறியோம்.

அந்தக் கருவி செய்தது எளிய வேலை, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிய வேலை. அது மேக் முகவரியைப் படித்தது. ஒரு கோவில் சங்க அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எட்டுப் போர்ட் ஸ்விட்ச் ஒன்று. முதல் போர்ட்டில் கணக்குக் கணினி, இரண்டாவதில் பிரின்டர், மூன்றாவதில் கேமராப் பதிவுப் பெட்டி, எட்டாவதில் ரவுட்டர். இப்போதுதான் மின்சாரம் வந்து ஸ்விட்ச் உயிர் பெற்றிருக்கிறது. அதற்கு யாரையும் தெரியாது.

1. கணக்குக் கணினி பிரின்டருக்கு ஒன்றை அனுப்புகிறது. ஸ்விட்ச் முதலில் அனுப்பியவரைப் பார்க்கிறது: "இந்த மேக் முகவரி முதல் போர்ட்டில் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது.

2. பிறகு பெறுநரைத் தேடுகிறது. பிரின்டரின் முகவரி அட்டவணையில் இல்லை. அதனால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அனுப்புகிறது. இந்த ஒரு கணம் அது ஹப்பைப் போலவே நடக்கிறது.

3. பிரின்டர் பதில் சொல்கிறது. "பிரின்டர் இரண்டாம் போர்ட்டில்" என்று ஸ்விட்ச் எழுதிக்கொள்கிறது.

4. அதன் பிறகு கணினிக்கும் பிரின்டருக்கும் நடக்கும் பேச்சு ஒன்றாம், இரண்டாம் போர்ட்டுகளுக்குள்ளேயே முடிந்துவிடும். கேமராப் பெட்டிக்கு அது கேட்கவே கேட்காது. அதே நேரத்தில் கேமராப் பெட்டி ரவுட்டரோடு தன் முழு வேகத்தில் பேசலாம்.

5. ஒரு முகவரியிடமிருந்து நீண்ட நேரம் சத்தமே இல்லை என்றால் அதை அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். பல ஸ்விட்ச்சுகளில் இந்த நேரம் 300 விநாடி.

எல்லோருக்கும் என்று முகவரியிட்டே அனுப்பும் பாக்கெட்டுகளும் உண்டு. "192.168.1.1 என்ற ஐபி யாருடையது? உன் மேக் முகவரியைச் சொல்" என்று ஒரு கணினி கூவிக் கேட்பது அந்த வகை. அதை ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டிலும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் ஒரு விபத்துக்கும் இடம் இருக்கிறது. சுத்தம் செய்யும்போது கழன்று கிடந்த ஒரு கேபிளை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்குமான ஒரு பாக்கெட் ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் திரும்ப உள்ளே வரும். அது மறுபடி எல்லோருக்கும் அனுப்பப்படும். மறுபடி திரும்பி வரும். இந்த மட்டத்துப் பாக்கெட்டில் "இத்தனை முறைக்கு மேல் சுற்றாதே" என்று சொல்லும் எண் எதுவும் கிடையாது. சில விநாடிகளில் முழு வலையமைப்பும் முடங்கிப்போகும். ஸ்விட்ச்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாக வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருக்க, எந்தக் கணினியிலும் எதுவும் திறக்கவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது இந்தக் கேபிளைத்தான். இதைத் தடுக்கும் வழிமுறையை 1985-ல் ரேடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர் உருவாக்கினார். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சுற்று உண்டாக்கும் இணைப்பைத் தாங்களே மூடிவைக்கும். ஆனால் மலிவான சின்ன ஸ்விட்ச்சுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

சரி, மோப்பத்துக்கு வருவோம். ஸ்விட்ச் வந்த பிறகு சும்மா உட்கார்ந்து கேட்பது நடக்காது. கேட்க வேண்டுமானால் ஏதாவது செய்ய வேண்டும். வழிகள் மூன்று. ஒன்று, ஸ்விட்ச்சை நிர்வகிப்பவரே "நான்காம் போர்ட்டில் போவதையெல்லாம் ஏழாம் போர்ட்டிலும் நகலெடு" என்று கட்டளையிடலாம். பழுது பார்க்க இது தினசரி பயன்படும் வசதி. பெரிய ஸ்விட்ச் எல்லாவற்றிலும் உண்டு. இரண்டு, பொய்யான மேக் முகவரிகளை ஆயிரக்கணக்கில் கொட்டி அட்டவணையை நிரப்பலாம். புதியவரை எழுத இடமில்லாத ஸ்விட்ச் மறுபடி எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கும். மூன்று, "192.168.1.1 நான்தான்" என்று இன்னொரு கணினி பொய் சொல்லி, ரவுட்டருக்குப் போக வேண்டியதைத் தன் வழியாகத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்த மூன்றில் முதலாவதை மறந்துவிட வேண்டாம். அதிகாரம் உள்ளவர் நகலெடுக்க எந்தத் தாக்குதலும் தேவையில்லை. கருவியிலேயே அந்த வசதி இருக்கிறது.

ரவுட்டர்: ஊர் எல்லையைத் தாண்டுவது

ஸ்விட்ச்சின் அட்டவணை ஒரு கட்டடத்துக்குப் போதும். உலகத்தில் உள்ள கோடிக்கணக்கான கருவிகளின் மேக் முகவரிகளை எந்தப் பெட்டியாலும் நினைவில் வைக்க முடியாது. அதனால் ரவுட்டர் ஐபி முகவரியைப் பார்க்கிறது. ஐபி முகவரிகள் தொகுதி தொகுதியாகக் கொடுக்கப்பட்டவை. "இந்த எண்ணில் தொடங்கும் எல்லாம் அந்தப் பக்கம்" என்று ஒரே வரியில் லட்சம் முகவரிகளைச் சுருக்கிவிடலாம்.

ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் இந்தத் தொகுதிகளை ஒதுக்கும் அமைப்பான ஆஃப்ரினிக்கின் தலைமையகம் மொரிஷியஸில், நம் எபெனில்தான் இருக்கிறது. சைபர் சிட்டி வழியாகத் தினமும் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பழைய வகை முகவரி 32 பிட். மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். அந்தப் பற்றாக்குறையால் ஒவ்வொரு தொகுதிக்கும் பண மதிப்பு ஏறி, முகவரி ஒதுக்கீடு குறித்த வழக்குகள் மொரிஷியஸ் நீதிமன்றங்கள் வரை வந்தன. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த அமைப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

ஒரு பாக்கெட் வந்ததும் ரவுட்டர் செய்வது இது.

1. ஐபி முகவரியைப் பார்த்து, தன் பட்டியலில் அதற்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியைத் தேடுகிறது. எதுவும் பொருந்தவில்லை என்றால் பொதுவழி ஒன்று இருக்கும். வீட்டு ரவுட்டருக்கு அந்தப் பொதுவழி இணைய நிறுவனம்.

2. பாக்கெட்டில் உள்ள ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. அது பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடும். ஸ்விட்ச்சில் நாம் பார்த்த முடிவில்லாத சுற்று இங்கே நடக்காததற்குக் காரணம் இதுதான்.

3. அடுத்த கருவியின் மேக் முகவரியைப் புதிதாக எழுதி வெளியே விடுகிறது.

4. வீட்டு ரவுட்டர் கூடுதலாக ஒன்று செய்யும். உள்ளே உள்ள போன்களுக்கு 192.168 என்று தொடங்கும் வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரிகள்தான் இருக்கும். வெளியே போகும்போது அதை அழித்து, இணைய நிறுவனம் கொடுத்த ஒரே முகவரியை எழுதி, யாருடைய பாக்கெட் எது என்று குறித்து வைத்துக்கொள்ளும். முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான்.

இனி ரவுட்டர் பற்றிப் பலரும் பேசாத பகுதி: வரிசை. உள்ளே வருவது வேகமாகவும் வெளியே போவது மெதுவாகவும் இருந்தால் பாக்கெட்டுகள் ரவுட்டரின் நினைவகத்தில் காத்திருக்கும். இடம் நிறைந்தால் புதிதாக வருவது கைவிடப்படும். கைவிடப்பட்டதை அனுப்பிய கணினி உணர்ந்து, வேகத்தைக் குறைத்து மறுபடி அனுப்பும். பாக்கெட் தொலைவது கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் இணையத்தின் வேகக்கட்டுப்பாடு.

தைப்பூசத்தன்று ஒரு கோவிலில் நேரலை நடக்கிறது என்று வையுங்கள். வெளியே அனுப்பும் வேகம் 10 மெகாபிட். காவடி ஊர்வலத்தைப் படமெடுத்த பத்துப் பேர் கோவில் வைஃபையில் வந்து சேருகிறார்கள்; ஒவ்வொருவர் போனும் 8 மெகாபைட் படம் ஒன்றைத் தானாக மேலேற்றத் தொடங்குகிறது. மொத்தம் 640 மெகாபிட். மற்ற எல்லாம் நின்றாலும் 64 விநாடி வேலை. அந்த நேரம் முழுக்க நேரலையின் பாக்கெட்டுகள் படங்களின் பின்னால் வரிசையில் நிற்கும். ரவுட்டர் 1 மெகாபைட் வரிசை வைத்திருந்தால், அதன் கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்கு 0.8 விநாடி தாமதம். இதைக் கடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொரிஷியஸிலிருந்து கொச்சி ஏறத்தாழ 4,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கடலைத் தாண்ட 0.02 விநாடி போதும். கோவில் அலுவலகத்துப் பெட்டிக்குள் காத்திருந்தது அதைப்போல் 40 மடங்கு. வீடியோ திக்கினால் நாம் கடலடிக் கேபிளைத்தான் குறை சொல்கிறோம்; பல நாட்களில் குற்றவாளி மேசை மேலேயே இருக்கிறது. நேரலைக் கணினியைக் கேபிளில் இணைத்து, ரவுட்டரில் அதற்கு முன்னுரிமை கொடுத்து, விருந்தினர் வைஃபைக்கு வேக வரம்பு வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஒரே பெட்டிக்குள் நான்கு கருவிகள், அப்புறம் பழைய ஹப்

நம் வீட்டில் "வைஃபை பெட்டி" என்று சொல்வது பெரும்பாலும் பல கருவிகள் சேர்ந்தது. ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஃபைபர் முனை, ரவுட்டர், பின்னால் நான்கு துளைகளோடு ஒரு சின்ன ஸ்விட்ச், வைஃபை அலைபரப்பி. சில வீடுகளில் ஃபைபர் முனை தனிப் பெட்டியாக இருக்கும். பழைய செப்புக் கம்பியில் அந்த இடத்தில் மோடம் இருந்தது.

இங்கே ஹப் திரும்பி வருகிறது, இரண்டு இடங்களில்.

முதலாவது வைஃபை. காற்று எல்லோருக்கும் பொது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொறுக்க வேண்டும். எட்டும் தூரத்தில் உள்ள எந்தக் கருவிக்கும் அலைகள் கேட்கும். ஹப்பிலிருந்து இதைப் பிரிப்பது குறியாக்கம் மட்டுமே, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்புவது. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் பெரும்பாலும் அதுவும் இருப்பதில்லை.

இரண்டாவது பலருக்கு வியப்பளிக்கும். நம் தெருவுக்கு வரும் ஃபைபரே ஹப்பைப் போன்றதுதான். வீடுகளுக்கான ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரே இழை வருகிறது. மின்சாரமே தேவைப்படாத ஒரு கண்ணாடிப் பிரிப்பான் அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுகிறது. பங்கிடுவது என்றால் ஆளுக்கொரு பகுதி என்று நினைக்க வேண்டாம். ஒளி மங்குகிறது, ஆனால் அதில் உள்ள செய்தி முழுக்க எல்லா வீட்டுக்கும் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் படத்தின் பாக்கெட்டுகளும் நம் வீட்டுப் பெட்டி வரை வந்துவிடுகின்றன. நம் பெட்டி நமக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. இது தெரிந்துதான் அந்தத் தொழில்நுட்பத் தரத்திலேயே கீழ்நோக்கி வரும் ஒளிக்கு வீடு வாரியாக வேறு வேறு சாவியில் குறியாக்கம் வகுத்திருக்கிறார்கள். மேல்நோக்கி அனுப்பும்போது மோதல் வராமல் இருக்க, "நீ இப்போது பேசு, நீ அப்புறம்" என்று நிலையம் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரத்துண்டு கொடுக்கிறது. கீழே 2.5 கிகாபிட், மேலே 1.25 கிகாபிட் என்பது அந்த முழுக் கூட்டத்துக்குமான அளவு. மாலை எட்டு மணிக்குத் தெரு முழுக்க வேகம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரையில் என்ன இருக்கிறது

பே து ஜாக்கொதேயில் கரை ஏறும் கேபிளின் பெயர் சேஃப். 2002-ல் இயங்கத் தொடங்கியது. நீளம் சுமார் 13,500 கி.மீ. தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ட்ராண்டில் தொடங்கி, டர்பனுக்கு வடக்கே ம்துன்சினி, ரீயூனியனின் சேன் போல், மொரிஷியஸ், கொச்சி வழியாக மலேசியாவின் பினாங்கில் முடிகிறது. தமிழர் பரவி வாழும் கரைகள் பலவற்றை ஒரே இழையில் கோத்தது போன்ற வழி. மொரிஷியஸுக்கு இப்போது வேறு வழிகளும் உண்டு: 2009-ல் வந்த லயன், 2021-ல் வந்த மெட்டிஸ், 2023-ல் வந்த டி3. மொரிஷியஸைச் சேர்ந்த ரொட்ரிகைத் தீவுக்கு 2019-ல் மார்ஸ் போடப்பட்டது.

கடலின் அடியில், பொதுவாக 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக, மங்கும் ஒளியைப் பலப்படுத்தும் பெருக்கிகள் இருக்கின்றன. அவை ஹப்பைப் போலவே எந்த முகவரியையும் படிப்பதில்லை. கரை நிலையத்தில் உள்ள முனைக்கருவி ஒரே இழையில் வரும் பல நிற ஒளிகளைப் பிரிக்கிறது. அதுவும் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. அந்த நிலையத்தைத் தாண்டி, இணைய நிறுவனங்களின் ரவுட்டருக்கு வரும்போதுதான் முகவரி படிக்கப்படுகிறது.

அப்படியானால் அங்கே ஸ்னிஃபிங் செய்வது என்றால் என்ன? நம் தெருவில் இருப்பதைப் போன்ற ஒரு கண்ணாடிப் பிரிப்பானை இழையில் வைத்தால் ஒளியின் சிறு பங்கு பக்கவழியில் போகும். முதன்மைப் போக்குவரத்துக்குத் தடை எதுவும் இல்லை, பயன்படுத்துவோருக்கு எந்த மாற்றமும் தெரியாது. பக்கவழியின் முடிவில் நிறங்களைப் பிரித்து, பாக்கெட்டுகளை மறுபடி அடுக்கி, தேவையானதை வடிகட்டும் கருவிகள் வேண்டும். முழுவதையும் சேமித்து வைப்பது மிகக் கடினம். வடிகட்டிச் சேமிப்பது கடினம் அல்ல. ஆகவே "அத்தனையையும் யார் படிப்பார்கள்" என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை எடுபடாது. படிக்கத் தேவையில்லை, தேடினால் போதும்.

ஆனால் எல்லாப் போக்குவரத்தும் கடலைத் தாண்டுவதில்லை. பெரிய காணொளித் தளங்கள் அதிகம் பார்க்கப்படுபவற்றின் நகல்களை உள்ளூர் இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைப்பது வழக்கம். அது கரை நிலையத்தில் தென்படாது.

நகலில் எதைப் படிக்கலாம்

இப்போது இரண்டாம் கேள்வி. ஒருவர் கையில் நம் பாக்கெட்டுகளின் நகல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

1. செய்தியின் உள்ளடக்கம். வாட்ஸ்அப் 2016 முதல் முனையிலிருந்து முனைக்கு, அதாவது அனுப்புபவர் போனிலிருந்து பெறுபவர் போன் வரை, குறியாக்கம் செய்கிறது. வங்கித் தளங்களும் இன்றைய பெரும்பாலான இணையத்தளங்களும் பூட்டுக்குறி உள்ள இணைப்பில் இயங்குகின்றன. வழியில் நிற்பவருக்கு இவற்றின் உள்ளடக்கம் படிக்க முடியாத எண் குவியல்.

2. யார், யாரோடு, எப்போது, எவ்வளவு. இது மறைவதில்லை. ரவுட்டர் படிக்க வேண்டும் என்பதால் ஐபி முகவரிகளைப் பூட்ட முடியாது. எந்தத் தளத்தின் பெயரைத் தேடினோம் என்பதும் பல நேரங்களில் திறந்தே போகிறது. ஒரு பத்திரிகையாளர் இரவு பதினொரு மணிக்கு எந்தச் சேவையோடு எவ்வளவு நேரம் இணைந்திருந்தார் என்பது, அவர் எழுதியதைப் படிக்காமலேயே தெரியும். இதை அற்பமாக நினைப்பது பெரிய தவறு.

3. பூட்டில்லாதவை. பழைய மின்னஞ்சல் அமைப்புகள், மலிவான கேமராக்கள், பழைய தளங்கள். இவை முழுக்கத் திறந்த புத்தகம்.

இந்த வேறுபாட்டை வைத்து 2021 ஏப்ரலில் மொரிஷியஸின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்தா வெளியிட்ட ஆலோசனை ஆவணத்தைப் பார்த்தால் அதன் கனம் புரியும். சமூக ஊடகப் போக்குவரத்தை மட்டும் பிரித்து, இடைநிலைச் சர்வர் ஒன்றின் வழியாகத் திருப்பி, அங்கே குறியாக்கத்தைத் திறந்து பதிவு செய்வது அதன் யோசனை. ஒளியை நகலெடுப்பதோடு இது நிற்கவில்லை. சர்வர் நம்மிடம் "நான்தான் ஃபேஸ்புக்" என்றும் ஃபேஸ்புக்கிடம் "நான்தான் பயனர்" என்றும் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் பகுதியில் பார்த்த மூன்றாம் வழியின் நாடளாவிய வடிவம் இது. அதை நம்ப வைக்க, அந்தச் சர்வரை நம்பலாம் என்று சொல்லும் ஒரு டிஜிட்டல் சான்றிதழையும் நம் கருவிகளில் ஏற்க வேண்டியிருக்கும். அந்தச் சர்வரை உடைத்தவர் கையில் எல்லோருடைய கடவுச்சொற்களும் இருக்கும். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது நியாயமே.

2024 நவம்பர் தொடக்கத்தில் நடந்தது வேறு வகை. தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் கசிந்த பின்னணியில், நவம்பர் 10 பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, சமூக ஊடகங்களை நவம்பர் 11 வரை முடக்க இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஒரே நாளில் அது விலக்கப்பட்டது. முடக்குவதற்கு எதையும் படிக்கத் தேவையில்லை. இந்த ஐபி தொகுதிகளுக்குப் போகும் பாக்கெட்டைக் கைவிடு என்று ரவுட்டரில் ஒரு வரி, அல்லது இந்தப் பெயரைக் கேட்டால் தவறான முகவரி கொடு என்று, தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பெயர்ச் சர்வரில் ஒரு வரி போதும்.

இத்தகைய நேரங்களில் பலரும் தேடிப்போவது விபிஎன். அது பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பூட்டி வைத்து அனுப்புகிறது. உள்ளூர் ரவுட்டருக்கும் கரை நிலையத்துக்கும் விபிஎன் நிறுவனத்தின் முகவரி மட்டுமே தெரியும். ஆனால் அந்த வெளி உறை விபிஎன் நிறுவனத்தின் சர்வரில் கழற்றப்படுகிறது. யார், யாரோடு, எப்போது, எவ்வளவு என்ற நான்கும் அதன் பிறகு அந்த நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும். இலவச விபிஎன் ஒன்றைப் போனில் இறக்கும்போது அந்த நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது, எதையெல்லாம் பதிந்து வைக்கிறது என்று பார்ப்பது, அதன் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.